ஏ.எம்.எல். என்று சொல்லிவிட்டார்களா? கூட இருப்பவருக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கள் தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல். ஈறில் ரத்தம் கசிந்தது, காலில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிளேட்லெட் 22,000 என்று ரிப்போர்ட் வந்ததும் டெங்குதான் என்று முடிவுகட்டி ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாங்களும் ஊரெல்லாம் அலைந்து பப்பாளி இலை பறித்து அரைத்துக் கொடுத்தோம். ஆறாவது நாள் ரத்தம் எடுக்க வந்த லேப் ஆள்தான், "ஸ்மியர் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மறுநாள் மாலை அது ரத்தப் புற்றுநோய், அதிலும் ஏ.எம்.எல். என்கிற வேகமான வகை என்று தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஐந்து மாதம் நான்தான் அட்டெண்டர். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மருந்தை முடிவு செய்ய வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் எடுத்த சாம்பிள் சரியான லேபுக்குப் போனதா, நாளைக்கு ரத்தம் கொடுக்க டோனர் இருக்கிறாரா, பேப்பர் தயாரா, ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் வண்டி எடுப்பது, இந்த நாலும் கூட இருப்பவர் தலையில்தான் விடியும், அதை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. நான் தடுக்கி விழுந்த இடங்களையே வரிசையாக எழுதுகிறேன்.

1. பிளேட்லெட் குறைந்தால் ஸ்மியர் கேளுங்கள்

டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஏறிவிடும், ஹீமோகுளோபின் பெரும்பாலும் விழாது. ஏ.எம்.எல்.லில் மூன்றுமே கெட்டுப்போகும். ஹீமோகுளோபின் குறைவு, பிளேட்லெட் குறைவு, வெள்ளை அணு மட்டும் சிலருக்கு ஏகத்துக்கும் ஏறியிருக்கும், சிலருக்கு அதுவும் குறைந்திருக்கும். அக்காவுக்கு முதல் ரிப்போர்ட்டிலேயே ஹீமோகுளோபின் 7.1. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டில்தான் இருந்தது.

ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பெரிபெரல் ஸ்மியர். பெரிய செலவில்லாத டெஸ்ட், அன்றைக்கே முடிவு வரும். மெஷின் மட்டும் எண்ணித் தந்த ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், முற்றாத இளம் அணுக்களை, அதாவது பிளாஸ்ட்டுகளை, மெஷின் வேறு கணக்கில் சேர்த்துவிடுவது உண்டு. ஒரு பத்தாலஜிஸ்ட் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை சில இருக்கின்றன. ஈறு வீங்கியிருக்கிறது என்று பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள், ரத்தம் நிற்காது. ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரை வேண்டாம். இடுப்பில் ஊசி வேண்டாம். என்ன நோய் என்று தெரியாமலே ஸ்டீராய்டு போடுவதற்கும் சம்மதிக்காதீர்கள், சில வகை ரத்தப் புற்றுநோயில் அது அப்போதைக்கு அணுக்களைக் கலைத்து, நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும்.

வெள்ளை அணு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தாலோ, கண் மங்கல், கடும் தலைவலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ ஓ.பி. சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

2. எங்கே போவது என்பதை ஒரே நாளில் முடிவு செய்யுங்கள்

எல்லாப் புற்றுநோய் மருத்துவமனையும் இதற்குச் சரிப்படாது. ரத்தவியல் டாக்டர் அல்லது ரத்தப் புற்றுநோய் பார்க்கும் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், 24 மணி நேர ரத்த வங்கி, அங்கேயே பிளேட்லெட் பிரிக்கும் மெஷின், தனி அறை, ஐ.சி.யு., இந்த ஐந்தும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். போனில் கேட்கும்போது "புற்றுநோய் பார்ப்பீர்களா" என்று கேட்காதீர்கள், "ஏ.எம்.எல். பெரியவர்களுக்குப் பார்ப்பீர்களா, இன்றைக்கு பெட் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எஸ்.டி.பி. எடுப்பீர்களா" என்று கேளுங்கள். எஸ்.டி.பி. என்பது ஒரே ஆளிடமிருந்து மெஷின் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் எடுப்பது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் பலரும் போகும் இடங்கள்: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. இதில் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை வேலூர் ஊருக்குள் இல்லை, ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது, பெட்டி படுக்கையோடு தவறான வாசலில் போய் இறங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பெட் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரலாம், தனியாரில் அன்றே கிடைக்கும், ஆனால் பணம் தண்ணீராய் ஓடும். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தோம். கிளம்பும் முன் அங்கேயே பிளேட்லெட் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள், பத்து மணி நேரப் பயணத்தை 8,000 பிளேட்லெட்டோடு செய்வது விளையாட்டில்லை.

இரண்டாவது கருத்து கேட்கலாமா என்றால், கேளுங்கள், ஆனால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகாமல் ரிப்போர்ட்டையும் ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போங்கள். நோயாளி நிலையாக இருந்தால் மரபணு ரிப்போர்ட்டுக்காகச் சில நாள் காத்திருப்பதில் தவறில்லை என்று எங்கள் டாக்டரே சொன்னார். ஒரே ஒரு வகைக்கு மட்டும் இது பொருந்தாது. ஏ.பி.எல். என்ற வகையில் மூளையில் ரத்தக் கசிவு திடீரென்று வந்துவிடும், அதனால் சந்தேகம் வந்த அன்றே ஏ.டி.ஆர்.ஏ. என்ற மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள், உறுதி செய்யும் ரிப்போர்ட் பின்னால் வரட்டும் என்று. அந்த மாத்திரையும் ஆர்சனிக் ஊசியும் சேர்ந்து கொடுத்து, முதல் சில வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிறார்கள். அதனால் முதல் கேள்வியே "இது ஏ.பி.எல்.லா இல்லையா?" என்பதாக இருக்கட்டும்.

3. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் டியூப்பை எண்ணுங்கள்

இடுப்புக்குப் பின்னால் எலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சுவார்கள், கூடவே சின்னதாக எலும்புத் துண்டும் எடுப்பார்கள். அரை மணி நேர வேலை. உறிஞ்சும் அந்தச் சில வினாடி சுருக்கென்று இழுக்கும், மற்றபடி தாங்கக்கூடியதுதான் என்றாள் அக்கா. முதுகுத் தண்டில் குத்துகிறார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் பயந்தால் அது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஏமாந்தது இங்கேதான். ஊரில் முதலில் எடுத்தபோது ஸ்லைடு மட்டும் தேய்த்தார்கள். ஏ.எம்.எல். என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் எந்த மரபணு டெஸ்ட்டுக்கும் சாம்பிள் அனுப்பவில்லை. சென்னையில் மறுபடியும் குத்த வேண்டியதாயிற்று, பணமும் இரண்டு முறை. ஒரே குத்தலில் இவை எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டும்: ஸ்லைடு, அணு எந்த வகை என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் பார்க்கும் கேரியோடைப், குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் ஃபிஷ், அப்புறம் எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1 போன்ற மரபணு மாற்றங்கள். ஊதா மூடி டியூப்பும் பச்சை மூடி டியூப்பும் தனித்தனியாகப் போகும். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அணுக்கள் உயிரோடு வேண்டும் என்பதால் அதை மாற்றி எடுத்தால் வீண். "கேரியோடைப்புக்கு அனுப்பியாச்சா?" என்று சிஸ்டரிடம் ஒரு முறை கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் கீமோ ஏறிவிட்டால் அப்புறம் எடுக்கும் மஜ்ஜையில் இந்தத் தகவல்கள் கிடைக்காமலே போகலாம்.

முடிவுகள் ஒரே நாளில் வராது. ஸ்லைடு ஒரு நாள், ஃப்ளோ இரண்டு நாள், எஃப்.எல்.டி.3 சுமாராக ஒரு வாரத்துக்குள், கேரியோடைப் ஒரு வாரத்துக்கு மேல், பல மரபணுக்களை மொத்தமாகப் பார்க்கும் என்.ஜி.எஸ். இரண்டு மூன்று வாரம். சனிக்கிழமை மதியம் எடுத்த சாம்பிள் கூரியரில் திங்கள் வரை தூங்கும், முடிந்தால் வாரநாளில் எடுக்கச் சொல்லுங்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக ஏ.எம்.எல். என்பார்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மனசொடிந்துபோக வேண்டாம். 80 இருப்பவருக்கு 30 இருப்பவரைவிட நோய் முற்றியது என்று அர்த்தமில்லை. எப்படிப் போகும் என்பதைச் சொல்வது பெரும்பாலும் மரபணு ரிப்போர்ட்தான்; அதை வைத்துத்தான் நல்ல வகை, நடுத்தரம், கடினமான வகை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

4. கீமோ ஏறும் முன்பு

எக்கோ எடுப்பார்கள், ஏனென்றால் கொடுக்கப்போகும் ஒரு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டு. கையிலோ கழுத்திலோ பிக் லைன் மாதிரி ஒரு குழாய் போடுவார்கள். அது செலவுதான், ஆனால் தினம் இரண்டு மூன்று முறை நரம்பு தேடிக் குத்துவதை நினைத்தால் தயங்காமல் சம்மதியுங்கள்.

யாரும் கேட்காத ஒன்று, நீங்கள்தான் கேட்க வேண்டும்: நோயாளி இளைஞராக இருந்தால், கல்யாணம் ஆகாதவராகவோ இன்னும் குழந்தை வேண்டும் என்பவராகவோ இருந்தால், விந்து சேமிப்பு பற்றிக் கேளுங்கள். ஒரு நாளில் முடியும். பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க இரண்டு வாரம் ஆகும், இந்த நோய் அவ்வளவு அவகாசம் கொடுப்பது அபூர்வம். மாற்று வழி என்ன என்றாவது கேட்டு வையுங்கள். பக்கத்து அறையில் இருந்த 24 வயதுப் பையனுக்கு இது மூன்றாவது நாள் ஞாபகம் வந்தது. அதற்குள் மருந்து ஏறியிருந்தது.

5. எந்தச் சிகிச்சை

உடம்பு தாங்கும் என்றால் பொதுவாகக் கொடுப்பது "7+3". சைட்டராபைன் ஏழு நாள் இடைவிடாமல் சொட்டும், டானோரூபிசின் மூன்று நாள். இரண்டாவது மருந்து சிவப்பு நிறம், சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து நாங்கள் பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தோம். எஃப்.எல்.டி.3 மாற்றம் இருந்தால் எட்டாவது நாளிலிருந்து மிடோஸ்டாரின் மாத்திரை சேர்ப்பது உண்டு. அந்த ரிப்போர்ட் ஒரு வாரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

வயதானவர்கள், 75 தாண்டியவர்கள், இதயம் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அசாசைட்டிடின் ஊசியும் வெனடோகிளாக்ஸ் மாத்திரையும். அசாசைட்டிடின் ஏழு நாள், 28 நாளுக்கு ஒரு சுற்று. இது மென்மையான சிகிச்சை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 7+3-ஐவிட மென்மை, அவ்வளவுதான். கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இதிலும் விழும், காய்ச்சல் இதிலும் வரும். ஒரு எச்சரிக்கை: பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் போசகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகளோடு சேரும்போது வெனடோகிளாக்ஸின் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். வேறு ஊரில் வேறு டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும் முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எல்லாவற்றுக்கும் இதேதான்.

6. டோனர் பட்டியல்: உங்கள் முழுநேர வேலை

கீமோ முடிந்து கவுண்ட் திரும்ப ஏறுவதற்குப் பொதுவாக மூன்றிலிருந்து நான்கு வாரம். அதுவரை உடம்பு சொந்தமாக ரத்தம் செய்யாது, நாம்தான் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு முதல் மாதம் 11 எஸ்.டி.பி., 9 பை சிவப்பணு.

ஆர்.டி.பி. என்பது சாதாரண ரத்ததானத்திலிருந்து பிரிப்பது, எஸ்.டி.பி. என்பது ஒரே ஆளிடமிருந்து மெஷின் வழியாகப் பிளேட்லெட்டை மட்டும் எடுப்பது. ஒரு எஸ்.டி.பி. சுமாராக ஆறு ஆர்.டி.பி.க்குச் சமம். தனியாரில் ஒரு எஸ்.டி.பி.க்கு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஃபிரிட்ஜிலும் வைப்பதில்லை, அதனால் மொத்தமாக வாங்கி அடுக்கவும் முடியாது. இது புரியாமல் முதல் நாளே நண்பர்கள் 18 பேரை வேன் வைத்து வரவழைத்தேன். எல்லோரும் உற்சாகமாக முழு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முழு ரத்தம் கொடுத்தவர் பிளேட்லெட் கொடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து, தீபாவளி அன்று காலை பிளேட்லெட் 6,000, ஹாஸ்டல் பசங்க எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், என் போனில் இருந்த 18 பேரும் உபயோகமில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு நோட்டில் 25 பேர் எழுதுங்கள்: பெயர், பிளட் குரூப், எடை, எந்த நாள் லீவு கிடைக்கும், கடைசியாக எப்போது கொடுத்தார். எஸ்.டி.பி. கொடுப்பவர் 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், அவருடைய பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல், கையில் நல்ல நரம்பு, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஒருவர் கொடுத்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. டெஸ்ட் எல்லாம் சேர்த்து அரை நாள் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், "ஒரு மணி நேர வேலைதான்" என்று பொய் சொல்லி அழைத்துவந்தால் அவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். கொடுக்கும்போது உதடு மரத்தால் சொல்லச் சொல்லுங்கள், கால்சியம் தருவார்கள். நாளைக்கு இருவர், அதற்கு மறுநாளுக்கு இருவர் என்று எப்போதும் ஒருவர் கூடுதலாக இருக்கட்டும், நாலு பேரில் ஒருவர் நரம்பு சரியில்லை என்றோ கவுண்ட் போதாது என்றோ திரும்பிவிடுவார்.

முக்கியமான பொறி இது. நானே கொடுக்கிறேன் என்று ரத்த வங்கியில் கையை நீட்டினேன். "கூடப் பிறந்தவரா? நீங்க வேண்டாம் தம்பி, போய் வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அங்கிருந்த சிஸ்டர். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் கொடுக்கப்போவது நாம்தான். நம் ரத்தம் முன்பே ஏறியிருந்தால் நோயாளியின் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடலாம். அதோடு நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தைக் கதிர்வீச்சு காட்டாமல் ஏற்றுவது ஆபத்து. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர், பிள்ளைகள் கொடுக்க வேண்டாம். நண்பர்கள் கொடுக்கட்டும்.

7. பணமும் பேப்பரும்

கீமோ மருந்துதான் விலை அதிகம் என்று நினைத்திருந்தேன். எங்கள் முதல் மாத பில் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது, அதில் 7+3 மருந்து பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் தனி அறை, ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கான ஊசி, ரத்தம். எஸ்டிமேட் கேட்கும்போது "காய்ச்சல் வந்தால் எவ்வளவு ஆகும்?" என்று சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சல் வராமல் இந்த மாதத்தைக் கடப்பவர் மிகக் குறைவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ஸ்மார்ட் கார்டில் நோயாளி பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து அறை அண்ணாச்சி குடும்பத்தில் மருமகள் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டில்தான் இருந்தது, அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கார்டு இருந்தால் மட்டும் போதாது, அந்த மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று சேரும் முன்பே 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு மருத்துவமனையிலேயே திட்டத்துக்கென்று ஒரு மேஜை இருக்கும், அங்கே இருப்பவரோடு முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.

தனியார் காப்பீடு: எங்கள் அத்தானுக்கு ஆபீஸ் பாலிசி 5 லட்சம் இருந்தது. அறை வாடகைக்கு உச்சவரம்பு போட்டிருந்ததை நாங்கள் படிக்கவில்லை. தனி அறை எடுத்ததும் அறை வாடகையை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் வரை எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டார்கள். தொற்று பயத்தால் தனி அறை கட்டாயம் என்று டாக்டர் கையால் ஒரு கடிதம் வாங்கி முன்பே அனுப்புங்கள். வீட்டில் சாப்பிடும் கீமோ மாத்திரையை வெளிநோயாளிச் செலவு என்று தள்ளினால் விடாதீர்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நவீன சிகிச்சைப் பட்டியலில் வாய்வழிக் கீமோ இருக்கிறது. உச்சவரம்பு வைக்கலாம், மொத்தமாக மறுக்கக் கூடாது.

பிரதமரின் தேசிய நிவாரண நிதி: விண்ணப்பம், நோயாளியின் இரண்டு போட்டோ, முகவரிச் சான்று, வருமானச் சான்று, நோயையும் எஸ்டிமேட்டையும் எழுதிய மருத்துவச் சான்றின் அசல். எம்.பி.யின் பரிந்துரைக் கடிதமும் வைப்பது வழக்கம். பணம் நம் கைக்கு வராது, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகும். ஏற்கெனவே செலவழித்ததைத் திருப்பித் தர மாட்டார்கள், எனவே டிஸ்சார்ஜ் ஆனபிறகு சாவகாசமாக விண்ணப்பிக்கலாம் என்று எங்களைப்போல் இருந்துவிடாதீர்கள். முதல் சுற்றுக்கு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த சுற்றுகளுக்குத்தான் கொஞ்சம் வந்தது.

ரயிலில் சிகிச்சைக்குப் போகவர சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவர் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே கொடுத்திருக்கும் படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் கேட்டால் கிடைக்காது. முந்தின நாளே வாங்குங்கள். மருந்துக்கு ஜன் ஔஷதி, அம்ரித் மருந்தகங்களில் விலை விசாரியுங்கள், அதே மருந்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எல்லாப் பேப்பருக்கும் ஐந்து ஜெராக்ஸ், போனில் ஒரு போட்டோ. அசல் ரிப்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

8. காய்ச்சல்: ஒரு மணி நேரக் கணக்கு

வீட்டில் இருக்கும்போது தெர்மாமீட்டர் தலைமாட்டில் இருக்கட்டும். 101 ஒரு முறை வந்தாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் கிளம்புங்கள். வெள்ளை அணு இல்லாத உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். அவசரப் பிரிவில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். "லுக்கேமியா, கீமோ முடிந்து இத்தனையாவது நாள், நியூட்ரோபில் 500-க்குக் கீழே" என்று சொல்லுங்கள். நியூட்ரோபில் என்பது தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு. அளந்து பார்க்காமல் டோலோ கொடுக்காதீர்கள், அது சூட்டை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. குளிர் நடுக்கம் இருந்து சூடு இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

சாப்பாடு அப்போதே சமைத்து, சூடாக. தயிர்ச்சாதத்துக்கு வீட்டில் சண்டையே நடந்தது. உங்கள் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச் சட்னி, பச்சைக் காய், நறுக்கி விற்கும் பழம் வேண்டாம். மென்மையான பிரஷ், பிளேடு கூடாது, மலச்சிக்கலுக்கு எனிமா கூடாது. அப்புறம் பார்வையாளர்கள். திருநெல்வேலியிலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த சொந்தங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதில் எனக்கு இன்னும் இரண்டு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பரவாயில்லை.

9. 28-வது நாளும் அதற்கப்புறமும்

கவுண்ட் ஏறியதும், பொதுவாக நான்காவது வாரம், மறுபடியும் மஜ்ஜை எடுப்பார்கள். பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே, நியூட்ரோபில் ஆயிரத்துக்கு மேல், பிளேட்லெட் லட்சத்துக்கு மேல் என்றால் ரெமிஷன், அதாவது நோய் அடங்கியிருக்கிறது. இதை "குணமாகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சிகிச்சை இல்லாவிட்டால் நோய் அநேகமாகத் திரும்பிவிடும்.

அக்காவுக்கு என்.பி.எம்.1 மாற்றம் இருந்தது, எஃப்.எல்.டி.3 இல்லை, நல்ல வகை என்றார்கள். அதனால் மஜ்ஜை மாற்று இல்லாமல், அதிக அளவு சைட்டராபைன் மூன்று சுற்று. கண் எரியாமல் இருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒரு வேளைகூட விடக்கூடாது. மருந்து ஏற்றும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், எதற்கோ பில்லுக்கு என்று நினைத்தோம். மருந்து சிறுமூளையைப் பாதித்தால் கையெழுத்து கோணும், அதைப் பார்க்கத்தான்.

நடுத்தரம், கடினமான வகை என்றால் மஜ்ஜை மாற்று பற்றிப் பேச்சு வரும். யாருடைய மஜ்ஜை பொருந்தும் என்று பார்க்கும் எச்.எல்.ஏ. டெஸ்ட்டை ரெமிஷன் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், முதல் மாதமே கூடப் பிறந்தவர்களுக்கு எடுங்கள். ஒரு உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. யாரும் பொருந்தாவிட்டால் சென்னையில் உள்ள தாத்ரி மாதிரிப் பதிவகங்களில் தேடலாம். பெற்றோரோ பிள்ளையோ பாதி பொருந்தினாலும் இப்போது செய்கிறார்கள். தனியாரில் செலவு பத்து லட்சத்துக்கு மேல்தான். முதலமைச்சர் திட்டத்தில் இப்படிப்பட்ட பெரிய சிகிச்சைகளுக்குத் தனி நிதி இருக்கிறது, அதையும் முதல் மாதமே விசாரித்து வையுங்கள்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்பும். அக்காவுக்கு இப்போது மாதம் ஒரு சி.பி.சி. என்கிற ரத்த அணு எண்ணிக்கை டெஸ்ட், ஸ்மியரோடு. ஊரிலேயே எடுத்து வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்புகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் மஜ்ஜை ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பீரோவில் மேல் தட்டில் இருக்கின்றன, கூடவே அந்த டோனர் நோட்டும். யாரைக் கேட்டாலும் அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.